வாவியைப் பார்ப்பவர் பலர். கரையைப் பார்ப்பவர் யார்?

(இராகலையில் விவசாயிகளும், ஆசிரியர், பொறியியலாளர், எழுதுவினைஞர் முதலான தொழிலினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய பேச்சின் பொருள் நுவரெலியா கிரகரி வாவியின் அணை என்று அறிவித்ததும் நண்பர் ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். "அந்த வாவியின் தண்ணீர் நானுஓயாப் பக்கம் போகிறது. அது உடைந்தாலும் இராகலைக்கு ஒரு சொட்டு வராதே! நுவரெலியாவில் பேசவேண்டியதை இங்கு வந்து பேசுவானேன்?" என்று கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். கிரகரி வாவியின் நீர் நானுஓயாவாக ஓடிக் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. இராகலையின் நீர் வேறு வழியில் இறங்குகிறது. ஆயினும், நம் பக்கம் வராது என்ற நினைப்பு இருக்கிறதே, அந்த நினைப்பைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது. அணைக்கு மேலே இருப்பவன் அப்படி நினைக்கிறான். அடுத்த பள்ளத்தாக்கில் இருப்பவனும் அப்படியே நினைக்கிறான். அணைக்குக் கீழே இருப்பவனுக்கோ நினைக்க நேரம் கிடைப்பதில்லை.

கிரகரி வாவி பிறந்த கதையை உங்களுள் பலர் அறிவீர்கள். இன்று படகுகள் மிதக்கும் இடம் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். 1873ஆம் ஆண்டில், ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், பிதுருதலாகல மலையிலிருந்து இறங்கும் தலகல ஓயாவை மறித்து அந்தச் சதுப்பை வாவியாக்கினார்கள். குளிர் தேடி மலையேறிய வெள்ளைக்காரர் உலவியும் படகு விட்டும் களித்த நீர்நிலை அது. 1881இல் டிரவுட் மீன் கொண்டுவந்து விட்டார்கள். 1913இல் வாவியின் நீரைச் சுரங்கவழியே கொண்டுபோய், நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையிலுள்ள பிளாக்பூலில் மின்சாரம் எடுத்தார்கள். கிரகரியின் பெயரை வாவி சுமக்கிறது. கூடை கூடையாக மண் சுமந்தவர்களின் பெயரை எதுவும் சுமக்கவில்லை. அது கிடக்கட்டும்.

வெள்ளைக்காரன் போனான், வாவி இருந்தது. இன்று சித்திரை வசந்த காலம் வந்துவிட்டால் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வண்டி வண்டியாக மக்கள் வருகிறார்கள். அன்னப்பறவை உருவில் செய்த படகில் பிள்ளைகள் ஏறுகிறார்கள். மட்டக்குதிரை ஓடுகிறது, சோளம் வேகிறது, மின்விளக்கு எரிகிறது. மகிழ்ச்சிதான். உழைத்துக் களைத்தவன் ஒருநாள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாவிக்கரையில் நடப்பதை நாம் ஒருபோதும் குறைகூற மாட்டோம். நாமும் நடந்தவர்கள்தாம்.

சென்ற மாதம் அந்தக் கரையில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் நின்றோம். நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள், போனார்கள். எல்லாருடைய கண்ணும் நீரின்மேல் இருந்தது. நீரைத் தாங்கி நிற்பது எது என்று திரும்பிப் பார்த்த ஒருவரையும் காணவில்லை. அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. விருந்துக்கு வந்தவன் வீட்டின் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பானா? பார்க்க வேண்டியவன் வீட்டுக்காரன். இந்த வீட்டுக்கு வீட்டுக்காரன் யார் என்பதே நமது கேள்வி.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஒரு குளம் இருந்தால், அதன் கரையை விவசாயி நடந்து பார்க்கிறான். யாரும் கட்டளையிட்டா பார்க்கிறான்? குளம் போனால் வயல் போகும், வயல் போனால் சோறு போகும் என்பது அவனுக்குத் தெரியும். மாரி தொடங்கும் முன் வானைத் துப்புரவாக்குவான். மிகை நீர் வழிந்தோடும் வாயை ஈழத்து விவசாயி வான் என்பான். தமிழ்நாட்டு விவசாயி கலிங்கு என்பான். கரையில் எலி வளை கண்டால் அடைப்பான். தமிழ்நாட்டில் ஊரே கூடிச் செய்த இந்தக் காவலுக்குக் குடிமராமத்து என்று பெயர். பாசனக் குளத்துக்கு இப்படி ஆயிரம் கண் உண்டு. உல்லாசக் குளத்துக்கு அந்தக் கண் இல்லை. அதை நம்பி உழுபவன் இல்லாதபடியால் அதன் கரையில் நடந்து பார்ப்பவனும் இல்லை. பணம் வசூலிக்க ஆள் உண்டு. படகுக்குச் சீட்டுக் கொடுக்க ஆள் உண்டு.

கிரகரி வாவி நாளையே உடையும் என்று பீதி கிளப்ப நாம் இங்கு வரவில்லை. 150 ஆண்டுகளுக்கு மேல் நின்ற கரை அது. ஆனால் 150 ஆண்டு நின்றது என்பது ஒரு சான்றிதழாகுமா? தொண்ணூறு வயதுக் கிழவரைக் காட்டி, "இவர் தொண்ணூறு ஆண்டு சாகவில்லை, ஆகவே இனியும் சாகமாட்டார்" என்று எந்த வைத்தியனாவது எழுதிக் கொடுப்பானா? நாடி பிடித்துப் பார்த்த பிறகல்லவா பேசுவான்!

மண் அணையின் நாடி எங்கே இருக்கிறது? மண் அணைகளைப் பெரும்பாலும் அழிப்பவை இரண்டே. ஒன்று, வெள்ளம் கரைக்கு மேலால் வழிவது. கல்லணை சிறிது நேரம் தாங்கும், மண்ணணை தாங்காது. மேலால் வழியும் நீர் வெளிச்சரிவை அரித்து, அரித்த இடத்தில் மேலும் பாய்ந்து, சில மணி நேரத்துக்குள் கரையைக் கிழித்துவிடும். ஆகவே வான் அடைபடாமல் இருப்பதே மண்ணணைக்கு உயிர். வானில் குப்பையும் செடியும் மரக்கட்டையும் சிக்கினாலும், வானுக்கு எதிரே எவராவது கட்டிடம் எழுப்பினாலும், அணையின் கழுத்தை நெரித்தது போலாகும். மற்றது உள்ளரிப்பு. எல்லா மண்ணணையும் சிறிது கசியும். கசிந்து வரும் நீர் தெளிவாக இருந்தால் பெரும் அச்சமில்லை. கலங்கி வந்தாலோ, அது தன்னோடு அணையின் வயிற்று மண்ணைச் சுமந்து வருகிறது என்று பொருள். பட்ட மரத்தின் வேர் உக்கிய துளையிலும், எலியும் முள்ளம்பன்றியும் தோண்டிய வளையிலும், பழைய மதகுக் குழாயின் ஓரத்திலும் அந்த அரிப்புத் தொடங்கும். வெளியே புல் பச்சையாக இருக்கும். உள்ளே குகை வளரும்.

தோழர்களே! உல்லாச வாவி ஒன்று ஒரு நகரத்தையே விழுங்கிய வரலாறு உலகில் உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் அதில் நமக்குப் பழக்கமான முகங்கள் பல இருக்கின்றன.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜோன்ஸ்டவுன் என்னும் தொழிலாளர் நகரம். இரும்பாலையில் வேலை செய்வோரின் ஊர். அதற்கு 14 மைல் மேலே மலையில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை. கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் சேர்க்க அரசாங்கம் கட்டியது. ரயில் வந்ததும் கால்வாய் வீணாயிற்று. அணை கைமாறிக் கைமாறிப் போயிற்று. இடையில் ஒருவர், அடியிலிருந்த இரும்பு வெளியேற்றுக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார். அதன்பின் வாவியின் நீர்மட்டத்தைத் தேவைப்பட்டபோது இறக்க வழியே இல்லாமற் போயிற்று. 1879 அளவில் செல்வர்கள் சேர்ந்து மீன்பிடிப்புக்கும் வேட்டைக்குமென ஒரு கழகம் அமைத்து அந்த அணையை வாங்கினார்கள். அன்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃபிரிக் போன்ற கோடீசுவரர்கள் அதன் உறுப்பினர்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடந்து செல்லக் கரையின் தலை அகலம் போதவில்லையென்று, தலையை வெட்டித் தாழ்த்தினார்கள். வாங்கிவிட்ட மீன்கள் வெள்ளத்தோடு ஓடிவிடாதபடி வானுக்குக் குறுக்கே வலைக்கம்பி அடித்தார்கள். வண்டிக்காக உயரம் போயிற்று. மீனுக்காக வாய் அடைபட்டது.

1880இலேயே கீழேயிருந்த இரும்பாலையின் தலைவர் ஒரு பொறியியலாளரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். வெளியேற்றுக் குழாய் இல்லை, பழுதுபார்த்தது சரியில்லை என்று அவர் அறிக்கை கொடுத்தார். உங்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை என்று கழகத்திடமிருந்து பதில் போயிற்று. 1889 மே 31ஆம் நாள் பெருமழையில் அணை உடைந்தது. அன்று காலையில் எச்சரிக்கைத் தந்தி போகாமலில்லை. ஆண்டுதோறும் இதே பேச்சுத்தானே என்று ஊரார் அதைப் பொருட்படுத்தவில்லை. இறந்தவர்கள் 2,209 பேர். நீதிமன்றத்தில் அந்தக் கழகத்தின்மேல் ஒரு பொறுப்பும் நிலைநாட்டப்படவில்லை.

படகு மேலே, பிணம் கீழே. வேறு எப்படிச் சொல்வது?

அது அந்நிய நாட்டுக் கதை என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். நம் நாட்டில், திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் உடைந்தது. பழைய மன்னர்கள் கட்டிய பெருங்குளம். நூற்றாண்டு நூற்றாண்டாக நின்றதைக் காட்டி யாரும் பெருமை பேசியிருக்கலாம். 120 பேருக்கு மேல் மாண்டார்கள், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு வாசல் இழந்தன, வயல்கள் மணல்மேடாயின. அணைக்கட்டின்மேல் கனத்த வாகனங்கள் ஓடியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. விவசாயியின் கண் இருந்த குளத்துக்கே இந்தக் கதி என்றால், கண்ணே இல்லாத குளங்களை எண்ணிப் பாருங்கள்.

இப்போது இராகலைக்கு வருவோம். நண்பருக்குச் சொல்லவேண்டிய மறுமொழி இங்கேதான் இருக்கிறது.

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், ஓடையை மறித்துக் குளம் கட்டி, குழாய்வழி நீரை இறக்கி, தேயிலைத் தொழிற்சாலையின் யந்திரத்தை ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் குளங்களுக்கு அப்போது ஆள் இருந்தான். குளத்தில் நீர் இல்லாவிட்டால் யந்திரம் நிற்கும். யந்திரம் நின்றால் கொழுந்து கெடும். கொழுந்து கெட்டால் துரை கத்துவார். ஆகையால் கரையைப் பார்த்தார்கள். பிறகு கம்பிவழி மின்சாரம் வந்தது. குளம் வேண்டாததாயிற்று. ஆனால் வேண்டாத குளம் வற்றிவிடுவதில்லையே! மழை பெய்தால் நிறைகிறது. தோட்டங்களும் கைமாறின: 1970களில் கம்பனிகளிடமிருந்து அரசாங்கத்துக்கு, 1992இல் அரசாங்கத்திடமிருந்து பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு. பங்களாவின் நாற்காலி மேசை எல்லாம் எண்ணிக் கணக்கெழுதிக் கைமாற்றியிருப்பார்கள். குளத்தின் கரையை எண்ணினார்களா?

ஒரு தோட்டத்தில் அத்தகைய குளம் ஒன்றை நாம் கண்டோம். பெயர் வேண்டாம். கரை முழுவதும் கருவேப்பிலைக் கன்று போலக் காட்டுச்செடி அடர்ந்து, நடுவே இடுப்பளவு பருத்த மரங்கள் நிற்கின்றன. வானில் ஒரு முறிந்த மரம் குறுக்கே கிடக்கிறது. கீழே கூப்பிடு தூரத்தில் லயம். அங்கிருந்த மூதாட்டியிடம், "அம்மா, மேலே குளம் இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டோம். "தெரியும் தம்பி, புள்ளைங்க குளிக்கப் போகும்" என்றார். "கரை எப்படி இருக்கிறது என்று யாராவது வந்து பார்ப்பதுண்டா?" என்றோம். "கரைய என்னத்தப் பாக்கிறது? அது அங்கினதான் கிடக்கு" என்றார். அந்த அம்மையாரை நாம் குறை சொல்வோமா? அவர் வாழ்நாளில் எதையுமே வந்து பார்த்ததில்லை எந்த அதிகாரியும்.

சிறிய குளந்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1,230 தொன் எடை. இரண்டு ஏக்கர் குளத்தில் சராசரி எட்டு அடி நீர் நின்றால் அது இருபதாயிரம் தொன்னை நெருங்குகிறது. பத்துத் தொன் லொறி ஈராயிரம், மலைச்சரிவில் ஒன்றன்பின் ஒன்றாகத் தடையின்றி உருண்டு வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற ஊரின் மேலே கெல்லி பார்ன்ஸ் என்ற அணை. சுமார் 40 அடி உயரந்தான். மின்சாரத்துக்கென ஏற்பட்டு, 1957இல் அந்த வேலை நின்றபின் வெறும் உல்லாசக் குளமாகக் கிடந்தது. 1977 நவம்பர் 6ஆம் நாள் நள்ளிரவு கடந்து உடைந்து, கீழே ஒரு கல்லூரியில் உறங்கிக்கொண்டிருந்த மாணவரும் குடும்பத்தவருமாக 39 பேரைக் கொன்றது. வேலை முடிந்த குளத்தின் கதை அது. நம் தோட்டத்துக் குளங்களின் கதையும் அதன் முதற்பாதி வரை அதுவேயல்லவா?

பெரிய அணைகளுக்குப் பொறியியலாளர் உண்டு. 1985இல் முடிந்த கொத்மலை அணை 87 மீற்றர் உயரம். அதற்குக் கருவிகள் உண்டு, கணக்கு உண்டு. இந்தியாவில் 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றினார்கள். அதுவும் 15 மீற்றருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீற்றர் வரையுள்ளவற்றில் சிலவற்றையுமே பிடிக்கிறது. சிறிய அணை எங்கேயும் வலையின் கண்ணில் நழுவிப்போகும் மீன்தான். அதற்குக் கீழே இருப்பவன் உயிர் மட்டும் சிறியதா?

விவசாயத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கசக்கும், பொறுத்துக் கேளுங்கள். கிரகரி வாவியில் வண்டல் படிகிறது, மண் மேடிடுகிறது, பலமுறை தோண்டி எடுக்கவேண்டி வந்திருக்கிறது. அந்த மண் வானத்திலிருந்து விழவில்லை. மேட்டுச் சரிவுகளில் லீக்சும் கரட்டும் கோவாவும் உருளைக்கிழங்கும் போடும் நிலத்திலிருந்து வருகிறது. சரிவின் போக்கிலேயே பாத்தி வெட்டினால், ஒரு மழையில் மேல்மண் இறங்கிவிடும். அதோடு போட்ட உரமும் போய் வாவியைப் பாசியாக்குகிறது. மண் நிறைந்த வாவியில் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள இடம் குறைகிறது. முன்பு மெல்ல ஏறிய நீர் இப்போது விரைந்து வானுக்கு வருகிறது. சரிவுக்குக் குறுக்கே பாத்தியும் கல்வரம்பும் நீர்வெட்டும் போடுவது நம் பாட்டன்மாருக்குத் தெரிந்த வித்தைதான். நிலம் குத்தகை, அடுத்த ஆண்டு நமக்கு இருக்குமோ இருக்காதோ என்ற நிலையில் யார் கல்வரம்பு கட்டுவான் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நில உரிமை இல்லாதவனிடம் மண்ணைக் காக்கச் சொல்வது அரைகுறைப் பேச்சு என்பதை நாம் அறிவோம். அந்த வழக்கை நாம் வேறு மேடைகளில் பேசிவருகிறோம், கைவிடப் போவதில்லை. ஆனால் வழக்கு முடியும்வரை மழை காத்திருக்காதே!

மழை எப்படி வரும் என்பதை 2025 நவம்பரில் கண்டோம். டிட்வா புயலில் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மலையகம் பெற்ற அடியை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அமர்ந்திருப்போரில் சிலர் இன்னும் சொந்த வீட்டு வாசலைக் கண்டிலர். அந்த மாதிரி மழையைக் கணக்கில் வைத்தா 1873இல் வான் வெட்டினார்கள்? அந்த அளவு இன்றைக்குப் போதுமா என்று கணக்கிட்டுச் சொல்லப் பொறியியலாளரால் முடியும். இந்தக் கூட்டத்திலேயே அந்தப் படிப்புப் படித்த நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மறந்துவிட்டோமா? அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, அறிக்கை இருந்தது. போக இடம் கொடுக்கப்படவில்லை. ஆகவே ஓர் அறிக்கையோடு நாம் திருப்தியடைய மாட்டோம் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறோம்.

கிரகரி வாவியின் அணையும் வானும் மதகும் தகுதிவாய்ந்த பொறியியலாளரால் ஆராயப்படவேண்டும். ஆராய்ந்த முடிவு மூன்று மொழியிலும் எழுதப்பட்டு, வாவிக்கரையில் படகுச் சீட்டு விற்கும் இடத்திலேயே, பிளாக்பூலிலும் நானுஓயாவிலும் ஓடையோரத்தில் வாழ்வோர் வாசிக்கக்கூடிய இடத்திலேயே தொங்கவேண்டும். ஏற்கனவே ஆராய்ந்திருந்தால் இன்னும் நல்லது. தொங்கவிடுவதற்கு ஓர் ஆணியும் சுத்தியலும் போதும். மாரிக்கு முன் நீர்மட்டத்தைச் சற்று இறக்கி வைக்கவேண்டும். படகு ஒரு சாண் தாழ மிதந்தால் உல்லாசம் குறைந்துவிடாது. வாவியால் வரும் வருமானத்தில் ஒரு பங்கு கரைக்கென்று ஒதுக்கப்படவேண்டும்.

தோட்டத்துக் குளங்களுக்கு வேறு வைத்தியம். எத்தனை குளம், எங்கே, எவ்வளவு நீர், கீழே எத்தனை குடும்பம் என்று முதலில் ஒரு கணக்கு வேண்டும். பயன்படும் குளத்தைப் பழுதுபார்த்து, அதற்கு ஒரு காவலாளை வையுங்கள். பயன்படாத குளத்தைப் பொறியியலாளர் முன்னிலையில், கோடையில், முறையாக வெட்டி வடித்துவிடுங்கள். மழை தானாக வெட்டுவதற்கு முன் நாமாக வெட்டிவிடுவது கெட்டிக்காரத்தனம். வெட்டும்வரை, கீழே இருக்கும் லயத்தில் ஒரு தப்பு மேளமோ ஒரு மணியோ இருக்கட்டும். எந்தப் பக்கம் ஏறி ஓடவேண்டும் என்பதைப் பிள்ளைகள்கூடச் சொல்லத் தெரிந்திருக்கட்டும். ஓடையின் போக்கில் கீழே ஓடாதே, பக்கத்து மேட்டில் ஏறு என்ற ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பல உயிர் தப்பும்.

நாம் கேட்பது யாருடைய பதவியையும் அல்ல. விண்ணப்பம் எழுதுவது தொழில் தெரிந்த தோழர்களின் பொறுப்பு. அதை மாவட்டச் செயலகத்துக்கும் மாநகர சபைக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் கொண்டுபோய், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கும்வரை விடக்கூடாது. கணக்கெடுப்பை மட்டும் யாருக்கும் காத்திராமல் நாமே தொடங்கிவிடலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இராகலை பஸ் நிலையத்தருகே கூடுவோம். மண்வெட்டி வேண்டாம், யாருடைய கரையையும் நாம் தொடப்போவதில்லை. ஆளுக்கொரு கொப்பியும், அளப்பதற்குக் கயிறும், ஒரு கண்ணாடிக் குவளையும் கொண்டுவாருங்கள். கரைக்குக் கீழே கசியும் நீரைக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். தெளிந்திருந்தால் அப்படியே எழுதிக்கொள்வோம். கலங்கியிருந்தால் அன்றைக்கே அந்த லயத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புவோம்.